ஐந்து புள்ளி ஈமான்

உங்கள் புதிய மேசை விளையாட்டுக்காக நீங்கள் அனுப்பிய பாத்திர அட்டைகளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன். முதல் அட்டையில் ஒரு மீன்காரர். தைரியம் ஏழு, பிடிவாதம் ஆறு, இறைநம்பிக்கை எட்டு. எட்டாம்! அந்த மனிதரின் கல்பை, நெஞ்சைத் தராசில் போட்டு நிறுத்தவர் யாரென்று அறிய ஆசையாக இருக்கிறது. கீழே ஒரு விதி வேறு: இறைநம்பிக்கை ஆறுக்கு மேல் உள்ள பாத்திரம் பொய் சொல்ல முடியாதாம். நல்ல காலம், அந்த மீன்காரரை நீங்கள் சந்தைக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஒரு சூரை மீனும் விற்றிருக்க மாட்டார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். இதே விதியை எண்பதுகளின் தொடக்கத்திலேயே கல்முனையில் ஒரு மேசையில் வைத்து ஆடிப் பார்த்தாகிவிட்டது. அது என்ன லட்சணத்தில் ஓடியது என்பதைச் சொல்கிறேன். கேட்டபிறகும் அந்த எட்டை அழிக்க மனம் வரவில்லையென்றால் வேறு தொழில் பாருங்கள்.

நான் வேலைக்காலம் முழுவதும் ஆட்களை மேசையைச் சுற்றி இருத்தி, வேறு ஆளாக மாறிக் கதைக்க வைத்தவன். கந்தோரில் என்னைப் பயிற்சி உத்தியோகத்தர் என்றார்கள். ஊரில் ‘விளையாட்டுக் காட்டுற சேர்’ என்றார்கள். ஊர் சொன்னதுதான் சரி.

எங்களுக்குப் பணிப்பாளராக வந்தவர் கொழும்புக்காரர். வெளிநாட்டில் ஒரு குறுகிய படிப்பை முடித்துக்கொண்டு, பெட்டி நிறைய அட்டைகளோடு வந்து இறங்கினார். வயல்காரர்களுக்குத் தண்ணீர்ப் பங்கீட்டைச் சொல்லிக்கொடுக்கும் மேசை விளையாட்டு அது. பெரிய பலகையில் ஒரு வாய்க்கால் வரைந்திருக்கும். வாய்க்காலுக்குச் சின்ன மரக் கதவு. தண்ணீருக்குப் புளியங்கொட்டை. சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு அட்டை எடுத்து, அதில் எழுதியிருக்கும் விவசாயியாக ஆட வேண்டும். மழை வருமா, வரம்பு உடையுமா என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

இதுவரைக்கும் நல்ல யோசனைதான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அட்டைகளில் கோபம், பேராசை, இரக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. முஸ்லிம் ஊர் என்பதால் எங்களுக்கென்று விசேடமாக ஒரு புள்ளி சேர்த்திருந்தார்: ஈமான், உங்கள் அட்டை சொல்லும் அதே இறைநம்பிக்கை. அது நாலோ ஐந்தோ உள்ளவர் களவாகத் தண்ணீர் திறக்க முடியாது.

“சேர், இந்த ஒண்ட மட்டும் எடுத்திருவமே” என்றேன்.

“உங்களுடைய பிரச்சினை என்ன தெரியுமா? நீங்கள் உங்கள் மக்களை உணர்ச்சியோடு பார்க்கிறீர்கள். நான் அவர்களுடைய நடத்தையைப் பார்க்கிறேன்” என்றார்.

அவர் பார்த்த நடத்தையின் அழகு முதல் நாளே தெரிந்தது. கல்முனைக்கு மேற்கே ஒரு வட்டையில், ஒரே வாய்க்கால் பாயும் வயல்வெளியில், வயல் செய்கிறவர்களை, நெல் களஞ்சியத்தின் முன் அறைக்கு அழைத்திருந்தோம். எல்லோரும் கதிரையில் அமர்ந்ததும் பணிப்பாளர் இரண்டு தாயக்கட்டைகளை எடுத்து, உள்ளங்கையில் குலுக்கி, மேசையில் உருட்டினார். உருட்டியதுதான் தாமதம், கதிரைகள் எல்லாம் பின்னால் போயின.

“இதென்னகா இது, தாயமா?” என்றார் ஒருவர்.

“இது சூது இல்லை. இது நிகழ்தகவு” என்றார் பணிப்பாளர்.

“பேரு என்னவெண்டாலும் வெச்சிக்கங்க சேர். நாங்க தொடமாட்டம்.”

பணிப்பாளர் என் காதுக்குள், “இவர்களுக்கு ஒத்துழைக்க மனமில்லை” என்றார். பாருங்கள் இந்தக் கூத்தை! மாதக்கணக்காக இருந்து அட்டையில் உள்ள இல்லாத மனிதர்களுக்கு ஈமான் எழுதிய ஆளுக்கு, கதிரையில் இருக்கிற மனிதர்களின் ஈமான் தாயக்கட்டையைத் தொட விடுமா என்று விசாரிக்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அவருக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்தோம். ஒருவரிடமும் கேட்கவில்லை.

நான் தொப்பியைக் கழற்றி, துண்டுக் கடதாசிகளில் மழை, வெயில், உடைப்பு என்று எழுதிச் சுருட்டி அதற்குள் போட்டேன். சீட்டுக் குலுக்குவதில் எங்கள் ஊரில் எவருக்கும் ஆட்சேபணை இல்லை. வயல் பங்கு பிரிப்பதே சில குடும்பங்களில் அப்படித்தான். கதிரைகள் முன்னால் வந்தன. ஆட்டம் தொடங்கியது.

அட்டையில் உள்ளவரின் நம்பிக்கையை எழுதுமுன் கதிரையில் உள்ளவரின் நம்பிக்கையை விசாரியுங்கள். இதைச் சொல்லித் தர வேண்டியிருப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி அசல் சங்கதிக்கு வருகிறேன். அந்த மேசையில் இருந்தவர்களில் இருவரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் உதுமாலெவ்வைப் போடியார், நிறைய வயல் உள்ளவர். அந்த வட்டைக்கு அவர்தான் வட்டைவிதானை. வாய்க்கால் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் பொறுப்பு. கதவுச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, எப்போதும் அவருடைய பச்சை இடுப்பு வாரில் தொங்கும். அவருடைய சொந்த வயல் வாய்க்காலின் தலைப்பிலேயே கிடந்தது. ஐந்து நேரமும் பள்ளிவாசலில் முன் சப்பில், முதல் வரிசையில், நிற்பவர். அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போக எல்லாம் சரிசெய்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் ஊரில் எல்லோரிடமும் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்டுவிட்டுத்தான் போவார். போடியாரும் தெருத் தெருவாகத் தொடங்கியிருந்தார். கேட்கப்படுகிற எவரும் ‘தந்திட்டன், போயிட்டு வாங்க’ என்று சொல்லி அனுப்புவது வழக்கம். எதற்கு மாப்பு என்று யாரும் விசாரிப்பதில்லை.

மற்றவர் ஆதம்பாவா. அதே வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. முந்திய வெயில்காலச் சிறுபோகத்தில் பயிர் கதிர் திரளும் குடலைப் பருவத்தில் நிற்கும்போது தண்ணீர் வராமல், முழு வயலும் பதராகிப் போனது. அது மகளுக்குச் சீதனமாகப் பேசிய வயல். கலியாணத்தை இரண்டு வருடம் தள்ளிப் போட்டிருந்தார்கள். இந்தச் சிறுபோகமும் பயிர் குடலையில் நிற்கிறது, நிலம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. இதுவும் போனால் மாப்பிள்ளை வீட்டார் வேறு வாசலைப் பார்ப்பார்கள். ஆதம்பாவா பயிற்சிக்கு வந்ததே, வட்டைவிதானையும் வருகிறார், தண்ணீர் கேட்கலாம் என்பதற்காகத்தான். எங்கள் விளையாட்டுக்காக அல்ல.

நான் இடத்தை மாற்றி இருத்தினேன். மேலே இருப்பவரைக் கீழே இருத்துவது என் வழக்கம். போடியாருக்கு வாய்க்கால் கடைசியில் இருக்கும் ஏழை விவசாயியின் அட்டை: கோபம் இரண்டு, ஈமான் ஐந்து. ஆதம்பாவாவுக்கு வட்டைவிதானையின் அட்டை: பேராசை ஒன்று, இரக்கம் நான்கு.

ஆதம்பாவா அட்டையை ஒருமுறை பார்த்துக் கவிழ்த்து வைத்தார். அவருக்கு அட்டை எதற்கு? வருடக்கணக்காக ஒரு வட்டைவிதானையைப் பார்த்து வருகிறவர். தொண்டையைக் கனைத்தார், சால்வையை ஒருபக்கம் இழுத்துவிட்டார். தண்ணீர் கேட்டவர்களுக்கெல்லாம், “பாப்பம், நாளைக்குப் பாப்பம்” என்றார். அச்சு அசல் போடியார். அறை முழுக்கச் சிரிப்பு. போடியாரும் சிரித்தார்.

தொப்பிக்குள் கைவிட்டால் வெயில், மறுகா வெயில். போடியாருக்கு முன்னால் இருந்த புளியங்கொட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. “கொஞ்சம் தண்ணி விடுங்க” என்று அவர் கேட்க, “நாளைக்குப் பாப்பம்” என்று ஆதம்பாவா சொல்ல, சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. போடியார் கையை நீட்டி அந்தச் சின்ன மரக் கதவைத் தூக்கினார்.

“நான் திறக்கிறன்.”

பணிப்பாளர் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். “போடியார், நீங்கள் திறக்க முடியாது. உங்கள் அட்டையில் ஈமான் ஐந்து.”

“அதுக்கு?”

“ஈமான் கூடியவர் களவு எடுக்க மாட்டார். அதுதான் விதி.”

“தொழுற மனிசன் களவெடுக்க மாட்டானெண்டு ஆரு சேர் உங்களுக்குச் சென்ன?”

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். நம்முடைய ஆளுக்கு விதிதான் பெரிது. பென்சிலை எடுத்தார். “சரி. அப்படியென்றால் உங்கள் ஈமானை ஒன்றாகக் குறைத்துவிடுகிறேன். இப்போது தாராளமாகத் திறக்கலாம்” என்றபடி, போடியாரின் அட்டையில் ஐந்தை வெட்டி ஒன்று என்று எழுதினார். எழுதிவிட்டு ஒரு சிரிப்பும் சிரித்தார்.

கள்ளன் என்று சொல்லியிருந்தால்கூட எங்கள் ஆட்கள் பொறுத்திருப்பார்கள். ஒருவனுக்கு ஈமான் இல்லை என்று வாயால் சொல்லவே பயப்படுகிற ஊரில், இவர் பென்சிலால் எழுதிக் காட்டுகிறார்.

“அத அழிங்க” என்றார் போடியார்.

“இது விளையாட்டுத்தானே…”

“அழிங்க சேர். எனக்கு ஈமான் இல்லையெண்டு செல்ல நீங்க ஆரு?”

“உங்களைச் சொல்லவில்லை, பாத்திரத்தைத்தான்…”

“எனக்கு ஈமான் இரிக்கி!” போடியார் மேசையில் ஓங்கி அறைந்தார். புளியங்கொட்டைகள் சிதறின. “இரிக்கத்தக்கதாத்தான் போன போகம் தண்ணி முழுக்க என்ட வயலுக்கு நிக்கட்டுமெண்டு வாய்க்கால் கதவப் பூட்டி வெச்சன். ஊராக்கள் எல்லாம் பள்ளிக்குப் போன நேரம் பாத்துப் பூட்டினன். பூட்டிப்போட்டு நானும் வந்து அதே சப்பில நிண்டு தொழுதன். அதுக்குப் பொறகு ஒரு நாள் நிம்மதியா நித்திர கொண்டனா எண்டு எங்கட ஊட்ட போய்க் கேளுங்க. ஈமான் இல்லாட்டி எனக்கு ஏன் நித்திர போகுது?”

சொல்லி முடித்தபிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. ஆதம்பாவா மெல்ல எழுந்தார்.

“நண்டுப் பொந்தால தண்ணி போயிட்டெண்டு செல்லி என்ட வரம்பில வந்து நிண்டீங்களே போடியார். எனக்கு ஆறுதல் செல்லிட்டெல்லாம் போனீங்களே. அல்லாஹ்வே! நானும் அத நம்பி நண்டு புடிச்சிக்கிட்டுத் திரிஞ்சன்.”

வாசலில் நின்ற ஆதம்பாவாவின் மச்சான்மார் உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி இருந்தது. போடியாரின் ஆட்களும் எழுந்துவிட்டார்கள். பணிப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? அட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினார். “பயிற்சி முடிந்தது! சொந்த விடயங்களை வெளியில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள்” என்றார். வெளியில் போனால் பேசிக்கொள்ள மாட்டார்கள், வெட்டிக்கொள்வார்கள் என்பது அந்த நடத்தை நிபுணருக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். மேசையைக் கலைத்தால் அந்த ஆத்திரத்துக்குப் போக்கிடம் மண்வெட்டிதான். மேசை இருக்கும்வரை அதற்கு ஒரு சின்ன மரக் கதவு இருந்தது. பணிப்பாளரின் கையிலிருந்த அட்டைகளைப் பறித்துத் திரும்ப மேசையில் வைத்தேன்.

“ஆரும் போக வேணாம். ஆட்டம் முடியல்ல. ஆதம்பாவாக் காக்கா, கதவு உங்கட கையிலதான் இரிக்கி. அவர்ர வயல் காயிது, தண்ணி கேக்கிறாரு. இப்ப உங்கட முற. என்ன செய்யப் போறீங்க?”

ஆதம்பாவா என்னைப் பார்த்த பார்வையில், மண்வெட்டி முதலில் என் தலைக்குத்தான் வரும் என்று நினைத்தேன். பிறகு மேசையைப் பார்த்தார். போடியாருக்கு முன்னால் கிடந்த கொஞ்சப் புளியங்கொட்டைகளைப் பார்த்தார். கதிரையை இழுத்து அமர்ந்து, கதவை இரண்டு விரலால் அழுத்திப் பூட்டினார்.

“பூட்டுறன்.”

பணிப்பாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, “அவருக்கு இரக்கம் நான்கு இருக்கிறதே” என்றார். சத்தியமாகச் சொன்னார்!

“சேர், வெளிய போய் ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வாங்க” என்றேன். போய்விட்டார்.

ஆட்டம் ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் போடியார், “கொஞ்சம் விடுங்க ஆதம்பாவா” என்று கேட்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஆதம்பாவா, “நாளைக்குப் பாப்பம் போடியார்” என்றார். இப்போது அதில் நடிப்பு இல்லை. மச்சான்மார் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, கதிரைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். போடியார் நினைத்திருந்தால் எழுந்து போயிருக்கலாம். ஊரில் பெரிய மனிதர், யாரும் மறித்திருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. கடைசிப் புளியங்கொட்டையையும் நான் எடுத்தபோது, தன் அட்டையைத் தானே கவிழ்த்தார்.

“காஞ்சிட்டு” என்றார்.

பின்நேரத் தொழுகைக்கு அசர் பாங்கு கேட்டது. எல்லோரும் எழுந்து முன்னாலிருந்த பள்ளிக்குப் போனோம். தொழுகை முடிந்ததும் போடியார் வீட்டுப் பக்கம் போகவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வட்டைக்குப் போனார். பொழுதுபடுமுன் வாய்க்காலின் கடைசி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. வெடித்த நிலத்துக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஆதம்பாவா வரம்பில் நின்றார். நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவருடைய தண்ணீர்.

இப்போது உங்கள் விதிக்கு வாருங்கள். நம்பிக்கையைக் கதவுக்குப் பூட்டாக வைத்திருக்கிறீர்கள். எட்டுப் புள்ளி இருந்தால் பூட்டு, இரண்டு இருந்தால் திறப்பு. பிள்ளைகளே, ஈமான் போடியாரின் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. கையை விட்டுவிட்டு, வீட்டில் போய் அவருடைய பாயில் காத்திருந்தது. செய்யக்கூடாததைச் செய்ய விடுங்கள். செய்தபிறகு அந்தப் பாத்திரத்தால் எதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை என்று ஆடுகிறவரிடம் கேளுங்கள். அங்கேதான் நம்பிக்கை தெரியும். இதை நான் சொன்னால் உங்களில் ஒருவர் எழுந்து, அதற்கும் ஒரு புள்ளி போடலாமே என்பார். எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் பணிப்பாளர் அதைத்தான் செய்தார். அடுத்த தொகுதி அட்டைகளில் புதிதாக ஒன்று வந்திருந்தது: குற்ற உணர்வு, ஒன்றிலிருந்து ஐந்து வரை. அந்த அட்டைகளோடு பதவி உயர்வும் வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போனார்.

போடியாருக்கு அப்படி லேசில் முடியவில்லை. ஆதம்பாவாவின் வயலில் கதிர் சாய்ந்த பிறகு, என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். ஆதம்பாவா கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார், மரியாதையில் குறை வைக்கவில்லை.

“ஹஜ்ஜுக்குப் போறன் ஆதம்பாவா. மாப்புத் தாங்க.”

“இந்தப் போகத்துக்குத் தாறன் போடியார். போன போகத்துக்கு இல்ல.”

“நான் வாய் திறந்து கேட்டுட்டன்தானே.”

“கேட்டீங்க. நான் இன்னும் தரல்ல.”

பள்ளியில் பெரியவர்கள் இரண்டு பக்கமும் கதைத்துப் பார்த்தார்கள். கேட்டது போதும், உங்கள் கடமை முடிந்தது, போய் வாருங்கள் என்று போடியாருக்கு ஆறுதல் சொன்னார்கள். போடியார் போகவில்லை. எல்லாப் பயணக்காரரும் போனார்கள், அவர் பாஸ்போட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார். ஆதம்பாவா கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் கதைத்தது. ஒரு போகம் முழுவதையும் இழந்தவன் எவ்வளவு காலத்துக்குள் மாப்புத் தர வேண்டும் என்று ஊருக்கு மட்டும் எப்படியோ கணக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த சிறுபோகத்தில் போடியார் முறையைத் தலைகீழாக மாற்றினார். தண்ணீர் முதலில் கடைசி வயலுக்கு, தன்னுடைய தலைப்பு வயலுக்குக் கடைசியில். வெயில் கொளுத்துகிற நாட்களிலும் வாய்க்காலின் கடைசியில் வந்து நின்று, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார். அவருடைய வயலில் அந்த முறை பாதி பதர். ஆதம்பாவா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நெல் வெட்டு முடிந்து ஆதம்பாவாவின் மகளின் கலியாணம் நடந்தது. போடியாரை அழைத்தார், சாப்பாடு வைத்தார், மாப்பைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஹஜ்ஜுக் காலம் மறுபடியும் வந்தது. எப்போதாவது போய்த்தானே ஆக வேண்டும், வயதும் போகிறது என்று குடும்பத்தார் வற்புறுத்தி, இந்த முறை போடியாரை வெளிக்கிடுத்தினார்கள். கல்முனை பஸ் நிலையத்தில் வழியனுப்ப ஒரு கூட்டம். கட்டிப் பிடிக்கிறார்கள், அழுகிறார்கள், எனக்காகவும் துஆச் செய்யுங்கள் என்கிறார்கள். போடியாரின் கண் மட்டும் தெருவிலேயே இருந்தது. பஸ்ஸைக் கிளப்பப் போகிற நேரத்தில் ஆதம்பாவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“தந்திட்டன் போடியார். பழைய போகத்துக்கும் சேத்து மாப்புத் தந்திட்டன்.”

போடியார் அவரைக் கட்டிப்பிடித்துச் சத்தமாக அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுததை ஊர் பார்த்ததில்லை. அவர் அழுது முடிக்கும்வரை ஆதம்பாவா பொறுமையாக நின்றார். பிறகு தன் வலது கையை விரித்து நீட்டினார்.

“அந்த வாய்க்கால் கதவுத் திறப்பத் தந்திட்டுப் போங்க.”

மக்காவுக்குப் போகிற மனிதர் அதைத் தன் பச்சை வாரில் கொழுவி வைத்திருந்தார். கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.